செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: கடலூர், புதுச்சேரி பழைய கார்க்காரர்களின் கேள்விகள்

மாருதி 800, ஆம்னி, ஜென், பத்மினி, அம்பாசடர், ஆரம்பகால சான்ட்ரோ என்று வீட்டில் ஒரு பழைய வண்டியை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கேட்க வருகிற முக்கால்வாசிப் பேர் ‘பம்ப் போச்சு’ என்ற முடிவோடுதான் வருகிறார்கள். பம்பை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டேங்கிலிருந்து கிளம்பிய பெட்ரோல் எந்த இடம் வரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றது? கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இடத்தைத் தேடுவதைப் பற்றியவைதான்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பெட்ரோலிலா கரண்டிலா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எப்படிச் சுற்றுகிறது என்று கவனியுங்கள். ‘டக் டக்’ என்று மட்டும் கேட்டாலோ, இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினாலோ அது பேட்டரி, டெர்மினல் விஷயம். பெட்ரோலைத் தேட வேண்டாம். பேட்டரி சோர்ந்திருந்தால் எம்பிஎஃப்ஐ வண்டியில் (கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீச்சும் வகை) பம்பும் சரியாக ஓடாது, பிளக்கில் கரண்டும் வலுவாக வராது. அந்த நிலையில் செய்கிற சோதனை எல்லாமே தப்பான பதிலைத்தான் தரும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி வாருங்கள்.

செல்ஃப் துள்ளலாகச் சுற்றியும் வண்டி எடுக்கவில்லை என்றால், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நன்றாகச் சுற்றிய பிறகும் பிளக் முனை காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று கரண்ட் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது. கரண்ட் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் என்ற சின்னக் கருவி கிடைக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை இன்ஜின் மேல் போட்டுப் பொறி பார்க்கிற பழைய வழக்கம், பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி இருக்கிற நேரத்தில் நல்லதல்ல.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. ஊசி போடும் சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி பெட்ரோல் எடுத்து கார்புரேட்டர் வாயில் விடுங்கள். பெட்ரோல் பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியை மறுபடி மாட்டி, அப்புறம் சாவியைத் திருப்புங்கள். மூடி இல்லாமல் அடித்தால், பின்னடிப்பு வந்தால் தீ நேராக மேலே எழும். இரண்டு விநாடி பிடித்து ஓடி அணைந்தால் முடிவு கைக்கு வந்துவிட்டது: கரண்ட் இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

முள் கால் டேங்க் காட்டுகிறதே, பெட்ரோல் இல்லாமல் போகுமா?

போகும். பழைய வண்டியின் முள்ளை நம்பாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் மிதவை மாட்டிக்கொண்டால் முள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். எதையும் கழற்றுவதற்கு முன் 5 லிட்டர் போட்டுப் பாருங்கள்.

என் வண்டி கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா என்று எனக்கே தெரியாது.

பானட்டைத் திறங்கள். வட்டமான ஏர் ஃபில்டர் டப்பாவின் கீழே, சோக் கேபிள் வந்து சேரும் அலுமினியப் பாகம் தெரிந்தால் கார்புரேட்டர். அதற்குப் பதிலாக வரிசையாக இன்ஜெக்டர்களும் அவற்றின் ஒயர் சாக்கெட்டுகளும் இருந்தால் எம்பிஎஃப்ஐ. பத்மினியும், 80, 90களின் 800-களும் ஆம்னிகளும் கார்புரேட்டர் வண்டிகள். 1998-இல் வந்த சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே எம்பிஎஃப்ஐ. ஜென், எஸ்டீம் இரண்டிலும் இரு வகையும் உண்டு.

சந்தேகம் இருந்தால் டாஷ்போர்டைப் பாருங்கள். சாவி போட்டதும் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் எம்பிஎஃப்ஐ.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இன்ஜின் பக்கமிருந்து பின்னோக்கிப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. டேங்கை இறக்குவது பெரிய வேலை, ஓஸைக் கழற்றுவது சின்ன வேலை.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடாதபோது கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கையால் ஒரு முறை சட்டென்று திருப்பினால் உள்ளே மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிய வேண்டும். தெரிந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் இடம்) பெட்ரோல் இருக்கிறது; பம்ப், ஓஸ், ஃபில்டர் எல்லாம் தம் வேலையைச் செய்துவிட்டன. அடைப்பு ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண்துளைப் பித்தளைப் பாகம்) இருக்கலாம், அல்லது சோக் மூடவில்லை. பீச்சல் இல்லையென்றால் கிண்ணம் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, கார்புரேட்டருக்குள் நுழையும் ஓஸைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பெட்ரோல் வெளியே இருக்கும்போது பொறி வரக்கூடாது. இப்போது ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் பம்ப் கேம் ஷாஃப்ட் தள்ளுவதால் வேலை செய்வது. எனவே பெட்ரோல் சீராக ஒழுகாது, விட்டு விட்டு ‘புளிச் புளிச்’ என்று பீச்சும். பீச்சினால் பம்ப் நல்லது, கோளாறு கார்புரேட்டரில். நுழையும் இடத்தில் இருக்கும் ஊசி வால்வு பிசின் பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக நாலு தட்டு தட்டினால் சில சமயம் விடும். விட்டாலும் அது தற்காலிகம்தான், பிரித்துக் கழுவியே ஆக வேண்டும்.

கழுவும்போது ஜெட் துளைக்குள் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பாட்டிலில் ஒரு சொட்டும் விழவில்லை. பம்ப் மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பம்ப் இழுப்பதற்குப் பெட்ரோல் அதன் வாய்க்கு வந்திருக்க வேண்டுமே. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஓஸைப் பம்ப் பக்கம் கழற்றி, ஒரு சின்ன டப்பாவில் சுத்தமான பெட்ரோல் எடுத்து, அதற்குள் ஒரு தனி ஓஸை விட்டுப் பம்போடு இணையுங்கள். மறுபடி செல்ஃப் அடியுங்கள். இப்போது பீச்சினால் பம்பில் குறையில்லை; டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் பிரச்சினை. இப்போதும் இழுக்கவில்லை என்றால்தான் பம்ப்.

பம்ப் போனதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அடிப்பக்கத் துளை வழியாகக் கசியும், அல்லது இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு கூடி, தண்ணீராக ஓடி, பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினை அதற்கு மேல் சுற்றவே கூடாது. பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

ஒரு தகவல் அவசியம்: மாருதி பம்புகளில் மூன்று குழாய் இருக்கும். ஒன்று உள்ளே, ஒன்று கார்புரேட்டருக்கு, ஒன்று மிச்சம் டேங்குக்குத் திரும்ப. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பம்ப் போட்டும் வண்டி எடுக்கவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு ஓஸ் இடம் மாறியிருக்கும்.

எந்த ஓஸிலும் ஒரு சொட்டு கசிவில்லை. ஆனாலும் பெட்ரோல் ஏறவில்லையே?

மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் பக்கம் இருக்கிறது, டேங்க் பின்னால் இருக்கிறது. நடுவில் உள்ள குழாயில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்தக் குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி. கீழே படுத்துப் பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும், அதனால்தான் இது ஏமாற்றுகிறது.

டேங்க் வாயருகே, ஃபில்டரின் இரு பக்கம், பம்ப் வாய் ஆகிய இடங்களில் ரப்பர் ஓஸை விரலால் வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ கல் மாதிரி விறைத்திருந்தாலோ அந்த ஓஸின் காலம் முடிந்தது. ஒன்றை மாற்றுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மொத்த நீளமே சில அடிகள்தான், கிளிப்போடு சேர்த்தும் பெரிய செலவில்லை. தண்ணீர் ஓஸை மட்டும் வெட்டிப் போட விடாதீர்கள். பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து போகும்.

இந்தக் கடற்கரையில் இரும்புக் குழாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் என்று கடலை ஒட்டி நிற்கிற வண்டிகளில், அடித்தளத்தோடு கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில்தான் குழாய் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். உப்பு ஈரம் கிளிப்புக்குள் தங்கிவிடுகிறது. கிளிப்பை நகர்த்தினால்தான் ஓட்டை தெரியும்.

ஆம்னியில் கேஸ் கிட் போட்டிருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் எடுக்கவில்லை.

கேஸ் கிட் போட்ட கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஓஸின் நடுவே ஒரு சாலினாய்டு வால்வு (கரண்டில் திறக்கும் வால்வு) வைத்திருப்பார்கள். பெட்ரோல் பக்கம் சுவிட்ச் போட்டால்தான் அது திறக்கும். பல மாதம் கேஸிலேயே ஓடிவிட்டு ஒரு நாள் பெட்ரோலுக்கு மாற்றினால் அது ஒட்டிக்கொண்டு திறக்காது. சாவி போட்டுச் சுவிட்சை மாற்றும்போது வால்வில் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்கு 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இத்தனை மாதம் பெட்ரோல் பார்க்காத கார்புரேட்டருக்குள் ரப்பர் வாஷர்களும் காய்ந்திருக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் முந்தைய ஓனர் திருட்டுக்குப் பயந்து டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்த கட்-ஆஃப் சுவிட்சும் இதே வேலையைச் செய்யும். கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது, ஆனால் வண்டி எடுக்கவில்லை.

ஊசி வால்வில் தூசி மாட்டியிருக்கிறது அல்லது கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கிறது. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். வழிந்த பெட்ரோல் காயும்வரை செல்ஃப் அடிக்கவே கூடாது. பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

வெளியே வழியாமல் உள்ளே மட்டும் பெட்ரோல் ஓவராகிவிட்டால் சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் அடிப்பது மாதிரி மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும்.

மே மாத மதியம், கிருமாம்பாக்கம் தாண்டினதும் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து எதுவும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது!

இரண்டு காரணங்கள் ஒரே மாதிரி நாடகம் போடும். பிரிப்பது சுலபம்.

ஒன்று, டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். மூடியில் இருக்கும் சின்ன வழியோ டேங்கின் காற்றுக் குழாயோ அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியாது. வண்டி நின்ற உடனே மூடியைத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் காரணம் அதுதான். மூடியை மாற்றினால் போதும். இதற்குப் பம்ப் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று ஏர் லாக் என்று நம் பக்கம் சொல்வது. பம்பும் ஓஸும் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத்தான் தள்ளும், ஆவி போனால் வீணாக அமுக்கிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தும் பலனில்லை, ஆனால் பம்ப் மேல் ஈரத் துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் எடுக்கிறது என்றால் இது. துணி நனைக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டி ஓஸ் போகிறதா, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்பு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் அதைக் குப்பையில் போட்டிருப்பார்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் ஏர் லாக் அரிது. சூட்டில் நின்று ஆறியதும் ஓடினால் அங்கே பம்ப் மோட்டாரையோ, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டி. சாவி போட்டால் பின்னால் வரும் ‘ஊங்’ சத்தம் வரவில்லை. பம்ப் காலியா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பதும் இங்கேதான். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிடுவது இயல்பு. அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் பம்புக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது கரண்ட் வந்தும் பம்ப் ஓடவில்லை. இரண்டும் வேறு வேறு.

முதலில் மஞ்சள் இன்ஜின் விளக்கைப் பாருங்கள். சாவி ஆனில் அதுவும் எரியவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கே கரண்ட் இல்லை. மெயின் ஃபியூஸ், மெயின் ரிலே (கரண்டைத் திறந்து மூடும் தானியங்கிச் சுவிட்ச்) பக்கம் போங்கள். விளக்கு எரிகிறது, சாவிப் படம் மட்டும் விடாமல் மின்னுகிறது என்றால் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஃபோர்டு, ஃபியட் பழைய வண்டிகளில் மோதினால் பெட்ரோலை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் சில சமயம் அது விட்டுவிடும். மேலே உள்ள பட்டனை அழுத்தினால் சரி.

இதெல்லாம் சரியென்றால் பம்பின் ஃபியூஸ், பிறகு ரிலே. ரிலேயைக் கழற்றி அதே எண் உள்ள வேறு ரிலேயை, ஹாரனுக்கு உள்ளதையோ ஃபேனுக்கு உள்ளதையோ, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கழற்றும்போது சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கிறதா? நம் ஊர்க் காற்றுக்கு அது சகஜம். மெல்லிய உப்புத் தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பல வண்டிகள் எழுந்துவிடும்.

அடுத்தது பம்பின் சாக்கெட். பல வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து, ஒருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு விநாடிக்குள் பாருங்கள். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்து இங்கே 9 தான் காட்டுகிறது என்றால் வழியில் எங்கோ துருவும் தளர்வும் தின்கின்றன. பெரும்பாலும் எர்த். பம்ப் ஓட முயலும்போது மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த் ஒயரிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். எர்த் கெட்ட வண்டியில் புதுப் பம்ப் போட்டால், புதுப் பம்பும் திணறித்தான் ஓடும்.

முழு வோல்ட்டேஜ் வந்தும் பம்ப் அசையவில்லை என்றால் அப்போது பம்ப்தான். நடுவழியில் நின்றுவிட்டால் டேங்கின் அடியில் செருப்பாலோ ரப்பர் சுத்தியலாலோ தட்டிக்கொண்டே ஒருவர் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பிரஷ் தேய்ந்த மோட்டார் சில சமயம் எழும். எழுந்தால் நேராகக் கடைக்கு ஓட்டுங்கள், இடையில் எங்கும் அணைக்க வேண்டாம்.

சத்தம் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

சத்தம் வருவதும் அழுத்தம் வருவதும் ஒன்றல்ல. எம்பிஎஃப்ஐ வண்டிக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 பார் வரை அழுத்தம் வேண்டும்; கார்புரேட்டர் பம்ப் தருவதோ 0.2 முதல் 0.35 பார் வரைதான். இதனால்தான் கார்புரேட்டர் ஓஸை எம்பிஎஃப்ஐயில் மாட்டவே கூடாது. கேஜ் வைத்து அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேஜ் இல்லாத கடையில் ‘பம்ப் வீக் சார்’ என்றால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை.

அழுத்தம் குறைவாக இருந்தால் ஃபில்டர் அடைப்பு, டேங்குக்குள் பம்பின் காலில் இருக்கும் சல்லடைப் பையில் அழுக்கு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். அழுத்தம் சரி, ஆனால் பிளக் காய்ந்தே இருக்கிறது என்றால் இன்ஜெக்டர்கள் திறக்கவில்லை. பிளக்கில் கரண்டும் சேர்ந்து இல்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி வராவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் விடாது, பொறியையும் விடாது. டேகோமீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சம்கூட அசையாமல் கிடப்பது இதற்கு ஒரு அறிகுறி.

ஓஸைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க மறக்காதீர்கள். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சில விநாடி செல்ஃப் அடித்து, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இல்லையென்றால் முகத்தில் பீச்சும்.

காலையில் மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரியில் லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கும் செக் வால்வு (பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுப்பது) பிடிக்கவில்லை, அல்லது ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறது. சாவியை ஆன் செய்து மூன்று விநாடி விட்டு ஆஃப், இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சட்டென்று எடுத்தால் இதுதான். உடனே செலவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை. கார்புரேட்டர் வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் கிண்ணம் வற்றியிருக்கும். பத்து விநாடி அடி, அரை நிமிடம் ஓய்வு என்று விட்டு விட்டு அடியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. டேங்கில் தண்ணீர் போயிருக்குமா?

2011-இன் ‘தானே’ புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீரால் தென்பெண்ணைக் கரையில் வந்த வெள்ளம் என்று இந்தக் கேள்வி நமக்கு ஓயாது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் சாவியையே போடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்த நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் கோளாறு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. முதலில் ஏர் ஃபில்டரும் டிப்ஸ்டிக்கும், அப்புறம்தான் டேங்க்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தனி அடுக்காக நிற்கும், நடுவில் கோடு தெரியும். பம்ப் இழுப்பதும் டேங்கின் அடியிலிருந்துதான் என்பதால் கொஞ்சம் தண்ணீரே வண்டியை நிறுத்தப் போதும். அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுதாக வடித்து, லைனை ஊதி, ஃபில்டரை மாற்றுங்கள். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்ப்பது வீண்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை. ஆனால் பழைய வண்டிக்கு அது உண்மையான தொந்தரவுதான். 2022-இல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளில்தான் அதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் உண்டு. நம் 800-க்கும் பத்மினிக்கும் அது தெரியாத பொருள்.

பழைய ரப்பர் ஓஸ், டயாஃப்ரம், வாஷர் எல்லாம் அதில் ஊறி உப்பும், பிறகு விறைத்து வெடிக்கும். எத்தனால் டேங்கில் வருஷக்கணக்கில் படிந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் கொண்டு வரும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும். கடற்கரை ஊரில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நடக்கும்.

செய்யக்கூடியது: ஓஸ்களை எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (பெட்ரோல் ஓஸுக்கான ஒரு தரக் குறியீடு) தரத்தில் மாற்றுங்கள். கார்புரேட்டர் ரிப்பேர் கிட் ஒன்று போடுங்கள். ஓட்டாத வண்டியில் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும். சந்தையில் விற்கும் அதிசய பாட்டில் மருந்துகளுக்கு நான் பணம் தரமாட்டேன்.

முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் பெட்ரோல் போட்டேன், அன்றிலிருந்து இப்படி. அங்கே பெட்ரோல் மட்டமா?

லிட்டருக்குச் சில ரூபாய் குறைவது வரியால், தரத்தால் அல்ல. கடலூர்க்காரர்கள் கன்னிக்கோயில் வரை போய் நிரப்பிக்கொண்டு வருவது காலங்காலமாக நடக்கிறதுதானே. இரண்டு பக்கமும் எத்தனால் கலப்பு உண்டு.

ஆனால் ஒரு தனிப் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைத் தண்ணீர் இறங்குவது எங்கேயும் நடக்கலாம். போட்ட அடுத்த சில கிலோமீட்டரிலேயே இடித்து நின்றால் பில்லை எடுத்து வைத்து, மேலே சொன்ன பாட்டில் சோதனையைச் செய்யுங்கள். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டால் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்க வேண்டும். போட்டு ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் பங்க்கின் மேல் பழி போட முடியாது.

டேங்கை வடிக்க ஓஸ் போட்டு வாயால் உறிஞ்சலாமா?

கூடாது. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். கை பம்ப் ஒன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறை ஃபிரிஜ்ஜின் பொறியில்கூடப் பற்றும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டீசல் அம்பாசடர், பழைய இண்டிகாவுக்கும் இதே வழிதானா?

பாதி. டீசலில் காற்று புகுந்தால் வண்டி எடுக்கவே எடுக்காது. ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்தி, பிளீட் ஸ்க்ரூவில் (காற்றை வெளியேற்றும் திருகு) குமிழி நிற்கும்வரை வடிக்க வேண்டும். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். இன்ஜெக்ஷன் பம்பில் டீசலைத் திறந்து நிறுத்தும் ஸ்டாப் சாலினாய்டு இருக்கும் வண்டியில், சாவி போட்டதும் அது ‘டிக்’ என்று திறக்கிறதா என்று கேளுங்கள். குளிரில் டீசல் உறையும் பிரச்சினை நம் ஊருக்கு இல்லை.

மெக்கானிக்கிடம் என்ன சொன்னால் அவர் சரியான இடத்தில் கை வைப்பார்?

‘ஸ்டார்ட் ஆகல’ என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது பம்பிலிருந்து தொடங்குவார். ‘அண்ணே, செல்ஃப் நல்லா சுத்துது, பிளக்ல கரண்ட் இருக்கு, பிளக் காய்ஞ்சிருக்கு, கார்புரேட்டர்ல பெட்ரோல் விட்டா ரெண்டு செகண்ட் ஓடுது, தனி டப்பால இருந்து பம்ப் இழுக்குது’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் நேராக டேங்க் பக்கம் ஓஸைப் பார்க்கப் படுத்துவிடுவார். எப்போது நின்றது, சூட்டிலா குளிர்ச்சியிலா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டது, கடைசியாக யார் எதைக் கழற்றியது, இந்த நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் என்றால் பேட்டரியில் நேராக ஒயர் கொடுத்து ஒரு விநாடி சுற்றுகிறதா என்று அவர் முன்னாலேயே பார்க்கச் சொல்லலாம், ஆனால் பெட்ரோல் ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு, திறந்த வெளியில்.